ஊசி வைக்காத தையல்சிட்டு

காட்டுக் குளத்தின் தென்கரையில் ஒரு பேயத்தி மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து ஒரு தையல்சிட்டு இலை தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் நூலாயி.

உடம்பு கட்டைவிரல் அளவுதான். தலையில் செம்மண் நிறத்தில் ஒரு குல்லா. அலகுதான் ஊசி. இலையின் ஓரத்தில் அலகால் ஒரு துளை போடுவாள். சிலந்தி நூலை அதற்குள் நுழைப்பாள். மறுபக்கம் போய் இழுப்பாள். வெளியே வந்த நுனியைப் பிரித்து, பஞ்சாக்கி, அமுக்கிவிடுவாள். முடிச்சு கிடையாது. ஆனாலும் நூல் பின்னால் வராது.

இப்படி இரண்டு இலைகளை ஓரம் சேர்த்துத் தைத்தால் ஒரு பை. பைக்குள் இலவம்பஞ்சு. பஞ்சுக்குள் முட்டை. தையல்சிட்டு வீடு அவ்வளவுதான். இலைகளைப் பறிப்பதில்லை. அவை காம்போடு மரத்திலேயே பச்சையாக இருக்கும். மரத்தில் உள்ள எத்தனையோ இலைகளில் அதுவும் இரண்டு இலை. எவன் கண்ணுக்கும் தெரியாது. அந்தச் சின்னஞ்சிறு பறவைகளுக்கு வேறு காவல் ஏது?

"போதும் நூலாயி!" என்றான் வாலாண்டி. அவள் புருஷன். வாலை எப்போதும் தூக்கியே வைத்திருப்பான். அலகில் நூல் கொண்டுவந்திருந்தான். "உங்க அம்மா இதிலே பாதி தையல்தான் போடுவாங்க."

"எங்க அம்மா குஞ்சு தண்ணியிலே விழலையே!"

வாலாண்டி நூலைக் கொடுத்துவிட்டுப் போனான்.

போன மழைக்கு நடந்தது அது. இதே குளக்கரை, வேறு மரம். காற்று அடித்தது. ஒரு தையல் விட்டது. அதற்கடுத்தது விட்டது. பை வாயைப் பிளந்தது. இரண்டு குஞ்சுகள் குளத்தில் விழுந்தன. ஒரு விரால் மீன் மேலே வந்தது, கீழே போனது. அவ்வளவுதான். நூலாயி கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வேறு என்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து அவளுக்குத் தையல் மேல் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாததால் மேலும் மேலும் தைத்தாள்.

இருந்தாலும் இந்த முறை கணக்கோடு நிறுத்திவிட்டாள். மூன்று முட்டை இட்டாள். அடைகாத்தாள். முட்டைகள் உடைந்தன. மூன்று குஞ்சு. மூன்று வாய்.

மூத்தவன் கூரன். அவனுக்கு வாய் பெரிது. நடுவில் உள்ளவள் பஞ்சி. எதற்கெடுத்தாலும் அழுவாள். கடைக்குட்டி பொட்டு. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

தையல்சிட்டுக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் முட்டை உடைந்ததும் தாய்ப்பறவை மரப்பட்டையில் அலகைத் தேய்ப்பாள். நூல் பிசின் போகிறவரை தேய்ப்பாள். பிறகு பனியில் கழுவுவாள். இதற்கு 'ஊசி வைப்பது' என்று பெயர். அதற்குப் பிறகு குஞ்சுகள் பறந்து போகும்வரை நூலைத் தொடக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

நூலாயியும் தேய்த்தாள். கழுவினாள். ஊசி வைத்தாள்.

சில நாள் நன்றாகவே போயிற்று. அவள் ஒரு புழு கொண்டுவருவாள். வாலாண்டி ஒரு புழு கொண்டுவருவான். கூரன் இரண்டு பேரிடமும் வாங்கித் தின்றுவிட்டு, "எனக்கு இன்னும் வரலை!" என்பான்.

"டேய், இப்பத்தானே தின்னே?"

"அது பஞ்சியோடது. என்னோடதை இன்னும் தரலை!"

பஞ்சி அழுவாள். பொட்டு கேட்பாள்: "ஏன்ப்பா புழுவுக்கு கால் இத்தனை?"

"ஓடறதுக்கு."

"அப்புறம் ஏன் ஓடலை?"

வாலாண்டி அடுத்த புழுவுக்குப் போய்விடுவான்.

குஞ்சுகளுக்கு இறகு அரும்பியதும் அவன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தான். "அம்மாவோ நானோ 'ட்வீச்!'னு கத்தினா, என்ன ஏதுன்னு கேட்கக் கூடாது. கீழே குதிச்சிடணும். கீழே சூரைப்புதர் இருக்கு. முள்ளுக்குள்ளே போயிட்டா எவனும் வரமாட்டான். புரியுதா?"

"ஏன் கேட்கக் கூடாது?" என்றாள் பொட்டு.

"கேட்டா செத்துப்போவே!"

புரிந்தது.

அப்புறம் ஒரு நாள் காற்று அடித்தது. பெரிய காற்று இல்லை. பை கொஞ்சம் ஆடியது. குஞ்சுகளுக்கு அது ஊஞ்சல். கூரன், "இன்னொரு தடவை!" என்று கத்தினான்.

நூலாயிக்கு உயிர் போய்விட்டது. பாய்ந்து வந்து தையலைப் பார்த்தாள். ஒரு இடத்தில் பஞ்சு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மயிரிழைதான். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவள் கண்ணுக்கு அது குளமாகத் தெரிந்தது. விராலின் முதுகாகத் தெரிந்தது.

ஒரு நூல் எடுத்துவந்தாள். ஒரே ஒரு தையல் போட்டாள்.

போட்டதும் பக்கத்துத் தையல் தளர்ந்ததுபோல் இருந்தது. அதற்கும் ஒன்று போட்டாள். பிறகு எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டாமா?

"அம்மா, பசிக்குது!" என்றான் கூரன்.

"இரு கண்ணு. இந்த ஒரு தையல்."

வாலாண்டி புழுவோடு வந்தான். பார்த்தான். "ஊசி வெச்சாச்சு இல்லே? என்ன பண்றே?"

"தையல் விட்டிருக்குங்க."

"எங்கே?"

அவள் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "சரி, முடிச்சுட்டு வா," என்றான். அவன் செய்த தப்பு அது.

மறுநாள் ஒரு விருந்தாளி வந்தாள். மினுக்கி என்கிற தேன்சிட்டு. அவள் கூடு பக்கத்து நுணா மரத்தில் தொங்கியது. மரச்சக்கை, பட்டைத் துணுக்கு, புழு எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி, குப்பை மாதிரி தொங்கும். அதுதான் அந்தக் குலத்து அழகு. குப்பை என்று நினைத்து எவனும் கிட்டே வரமாட்டான்.

"அக்கா! இது தையலா, கோலமா?" என்றாள் மினுக்கி. "என் வீட்டைப் பார்த்தா நானே வெட்கப்படறேன். எங்க வீட்டுக்காரர் 'வீடா இது, துடைப்பமா?'ன்னு கேட்கிறார்."

நூலாயிக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாகச் சிரித்ததில்லை.

"பிள்ளைங்களுக்காகத்தான் மினுக்கி. பத்திரமா இருக்கணும்ல?"

"பத்திரம் என்ன பத்திரம்! புயல் வந்தாலும் பிரியாது. ஆனா அக்கா, வாய்ப்பக்கம் மட்டும் ஓரம் வெறுமையா இருக்கே? அங்கேயும் ஒரு வரிசை ஓட்டினா எடுப்பா இருக்கும்."

வாய்ப்பக்கம் தையலே தேவையில்லை. அது குஞ்சுகள் தலை நீட்டுகிற இடம். நூலாயிக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று மாலைக்குள் ஒரு வரிசை ஓட்டிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். மறுபடி தள்ளிப் போனாள்.

பயத்தில் தொடங்கினாள். பிறகு அது ருசியாகிவிட்டது.

மினுக்கி ஊரெல்லாம் சொன்னாள். மைனா வந்து பார்த்தது. அணில் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது. "பல்லு இருந்து என்ன பிரயோசனம், எனக்கு இது வராது!" என்றது. நூலாயி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தைத்தாள்.

புழு கொண்டுவருவது வாலாண்டி மட்டும். மூன்று வாய்க்கு ஒரு அலகு. வாலாண்டியின் வால் கீழே தொங்கத் தொடங்கியது.

"நூலாயி, ஒரு நடை போயிட்டு வா. அந்தத் தும்பைச் செடியிலே பச்சைப்புழு நிறைய இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது."

"இந்த வரிசையை முடிச்சுட்டு."

"நேத்தும் இதையேதான் சொன்னே!"

"உங்களுக்கென்ன, பறந்துட்டே இருப்பீங்க. காத்து அடிச்சா நான்தானே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்!"

அவள் அந்தக் குளத்தைக் காட்டினால் அவன் வாய் அடைத்துவிடும். போய்விட்டான்.

கூரனுக்கு ஆசை வந்தது. அம்மா நாளெல்லாம் செய்கிற வேலை. அதில் ஏதோ இருக்க வேண்டும். ஒரு நாள் தொங்கிய நூல் நுனியை எட்டிப் பிடித்தான். தன் மொண்ணை அலகால் இலையைக் குத்தினான்.

"அம்மா! நானும் தைக்கிறேன்! பாரு!"

"தொடாதே!" என்று கத்தினாள் நூலாயி. "வரிசை கெட்டுப்போச்சு பாரு! உள்ளே போ!"

"நான் உனக்கு உதவி பண்ணினேன்."

"ஒரு உதவியும் வேண்டாம். சும்மா இருந்தா அதுவே உதவி."

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அவன் இழுத்த நூலை அவள் பிரித்தாள். அவன் குத்திய இடத்தில் நேராக இன்னொரு துளை போட்டாள். உள்ளே மூன்றும் பேசாமல் இருந்தன. பசியிலும் பேசாமல் இருந்தன. அதுதான் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. வேலை ஓடும்.

மற்ற மரங்களில் அதே நாளில் பொரித்த குஞ்சுகள் கிளை கிளையாகத் தாவின. நூலாயியின் குஞ்சுகள் இன்னும் பைக்குள் இருந்தன. தீனி பற்றாத குஞ்சுக்குச் சிறகு எங்கிருந்து வரும்?

அந்தப் பைக்கு நேர் கீழே ஒரு மரத்தவளை குடியிருந்தது. குந்தாணி என்று கூப்பிடுவார்கள். உடம்பு அப்படி, உரல் மாதிரி. பகலில் இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு தூங்கும். அதற்கு வேண்டியது குளிர்ச்சி ஒன்றுதான்.

"ஏம்மா நூலாயி!" என்றது ஒரு மத்தியானம். "என் நிழலை என்ன பண்ணினே?"

"உன் நிழலை நான் என்ன பண்ணப் போறேன்?"

"சுடுது. போன வாரம் வரைக்கும் இந்த இலைக்கு அடியிலே முதுகு சில்லுன்னு இருக்கும். இப்போ வறட்டி மாதிரி இருக்கு."

"வெயில் காலம். எல்லா இலையும் அப்படித்தான்."

"எல்லா இலையும் இல்லே. நான் பக்கத்து இலையிலே உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். அது சில்லுன்னு இருக்கு. உன்னோட ரெண்டு இலை மட்டும் சாகுது. எத்தனை ஓட்டைம்மா போட்டிருக்கே? இலை எது வழியாத் தண்ணி குடிக்கும்?"

"தவளைக்குத் தையலைப் பத்தி என்ன தெரியும்!"

"தையலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? என் முதுகைப் பத்தித் தெரியும்." குந்தாணி பக்கத்துக் கிளைக்குத் தாவிப் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரவில்லை.

நூலாயி இலையைப் பார்த்தாள். அத்தனை நாளும் அவள் தையலைத்தான் பார்த்திருந்தாள். இலையைப் பார்க்கவில்லை. ஓரம் மஞ்சளாகியிருந்தது. துளைகளைச் சுற்றி வட்டவட்டமாகப் பழுப்பு. நடு நரம்புக்குப் பக்கத்தில்கூட இரண்டு துளை இருந்தது. எப்போது போட்டாள்? அவளுக்கே நினைவில்லை.

அங்கே அவள் நிறுத்தியிருக்கலாம். குஞ்சுகளை வயிறு நிறைய ஊட்டி, சீக்கிரம் கீழே புதருக்கு இறக்கியிருக்கலாம். வழி இருந்தது.

ஆனால் காய்கிற இலை சுருளும். சுருண்டால் தையல் இழுபடும். இழுபட்டால் துளை பெரிதாகும். அவள் கண்ணுக்கு அதுதான் பட்டது.

"பார்த்தீங்களா! தையல் விடுது!" என்று வாலாண்டியிடம் கத்தினாள். "நான் அப்பவே சொன்னேன்!"

"நூலாயி, இலை காயுது! தையல் இல்லே!"

"காஞ்சா சுருளும். சுருண்டா பிரியும். பிரிஞ்சா விழும். நான் தைக்காம யாரு தைப்பா?"

"நீ தைச்சதாலேதான் காயுது!"

அவள் காதில் அது ஏறவில்லை. இன்னும் அழுத்தமான நூல் வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைப்பு. குளத்துக்கு மறுகரையில் பெரிய சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. அந்த நூல் தடிமன். பிசினும் அதிகம். அதைக் கொண்டுவந்தால் ஒரேயடியாக இறுக்கிவிடலாம்.

"நான் வர்றவரைக்கும் இங்கேயே இருங்க," என்றாள்.

"நான் இருந்தா புழு யாரு கொண்டுவருவா? காலையிலேர்ந்து அதுங்க ஒண்ணும் தின்னலே!"

"சரி, போயிட்டு சீக்கிரம் வாங்க. நானும் வந்துடறேன்."

இரண்டு பேரும் போனார்கள்.

அந்தக் குளக்கரையில் ஒரு செம்போத்து உண்டு. காக்கை அளவு. செம்பு நிற இறக்கை, சிவந்த கண். அவசரமே இல்லாமல் புதருக்குள் நடப்பான். ஓணான், நத்தை, குஞ்சு, முட்டை, எது கிடைத்தாலும் தின்பான். தினமும் அந்தப் பேயத்திக்கு அடியில்தான் நடந்து போவான். ஒரு நாளும் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் பச்சைக்குள் பச்சைதான் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அவன் மறுகரையில் நின்று தண்ணீர் குடித்தான். தலையைத் தூக்கினான். மரம் முழுக்கப் பச்சை. நடுவில் ஒரே ஒரு இடம் பழுப்பு. அந்தப் பழுப்பு உப்பி, உருண்டு, அசைந்துகொண்டு இருந்தது.

செம்போத்து சுற்றிக்கொண்டு நடந்தான்.

நூலாயி நூலோடு திரும்பி வந்தாள். அலகு நிறைய நூல். வரும் வழியிலேயே பிசின் காய்ந்து மேல் அலகோடு கீழ் அலகு ஒட்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து மெல்லப் பிரிக்கலாம் என்று நினைத்தாள். கிளையில் வந்து இறங்கினாள்.

கீழே செம்போத்து ஏறிவந்துகொண்டிருந்தான். ஒரு கிளை. அதற்கு மேல் ஒரு கிளை.

'ட்வீச்!' என்று கத்த வாயைத் திறந்தாள்.

வாய் திறக்கவில்லை.

கிளையில் தேய்த்தாள். நூல் கிளையைச் சுற்றிக்கொண்டது. காலால் பிய்த்தாள். காலிலும் ஒட்டியது. தொண்டைக்குள் சத்தம் முட்டியது. வெளியே வந்தது 'ம்ம், ம்ம்' என்ற முனகல். கொசு ரீங்காரம் அதைவிடப் பெரிது.

செம்போத்து அவளைப் பார்த்தான். நின்றான்.

"என்ன தாயி, வாயிலே நூலா?" என்றான். மெல்லிய குரல். "உன்னை ரொம்பப் பாராட்டணும். இத்தனை நாளா இதே மரத்தடியிலே நடக்கிறேன். ஒண்ணும் தெரியலே. இன்னிக்குக் குளத்துக்கு அந்தக் கரையிலேர்ந்தே தெரிஞ்சுதே!"

நூலாயி அவன் முகத்தில் பாய்ந்தாள். அவன் தலையை ஒரு உதறு உதறினான். அவள் இலையில் மோதி விழுந்து மறுபடி எழுந்தாள்.

பைக்குள் சலசலப்பு. பேச்சுக்குரல் கேட்டுவிட்டது. பசித்த குஞ்சுக்கு எந்தக் குரலும் சாப்பாட்டுக் குரல்தான்.

"யாரு?" என்றான் கூரன் உள்ளேயிருந்து. "தீனி கொண்டுவந்தீங்களா?"

நூலாயி நெஞ்சைக் கிளையில் அடித்துக்கொண்டாள். 'ம்ம், ம்ம்!'

"ஆமாம் கண்ணு," என்றான் செம்போத்து. "கொண்டுவந்திருக்கேன். தலையை நீட்டு."

வாய்ப்பக்கம் ஒரு வரிசை ஓட்டியிருந்ததால் வழி குறுகியிருந்தது. கூரன் முண்டி, நெருக்கி, தலையை வெளியே நீட்டினான். வாயை அகலத் திறந்தான்.

அப்புறம் அவன் இல்லை.

"ட்வீச்! ட்வீச்!"

வாலாண்டி வந்துவிட்டான். அலகில் இருந்த புழு எங்கோ விழுந்தது. மரம் அதிரக் கத்தினான். பஞ்சியும் பொட்டும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் குறுகிய வாய்ப்பக்கம் சட்டென்று குதிக்க வழி இல்லை. உள்ளேயே மோதின.

கூரனை விழுங்கிய செம்போத்து அடுத்ததற்குக் காலை நீட்டினான். பையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான்.

தையல் ஒன்றுகூட விடவில்லை. இலைதான் கிழிந்தது. நடு நரம்பை ஒட்டி, அப்பளம் மாதிரி நொறுங்கி, மேலிருந்து கீழே கிழிந்தது. கிழிந்த வழியாக இரண்டு குஞ்சுகளும் உருண்டு விழுந்தன. சூரைப்புதரின் முள்ளுக்குள் போய் மறைந்தன. வாலாண்டி பின்னாலேயே பாய்ந்தான்.

செம்போத்து கீழே பார்த்தான். முள். இறங்கி, ஒரு சுற்று சுற்றினான். "பரவாயில்லே," என்று சொல்லிவிட்டு நடந்து போனான். அவனுக்கு அது இன்னொரு நாள்தான்.

நூலாயி கிளையில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பட்டையில் அலகைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தாள். தேய்த்தாள். நூல் பிசுபிசுவென்று வந்தது. கடைசி இழையும் போனது. வாய் திறந்தது. இப்போது கத்த முடியும். யாருக்குக் கத்துவது?

சாயங்காலம் மினுக்கி துக்கம் கேட்க வந்தாள். வாயாடியானாலும் நல்லவள்தான். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கிழிந்து தொங்கிய கூட்டைப் பார்த்தாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு அக்கா," என்றாள். "ஒரு தையல்கூடப் பிரியலே, பாரேன்!"

"ஆமாம்," என்றாள் நூலாயி. "பிரியலே."

மினுக்கி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். குந்தாணி பக்கத்துக் கிளையில் ஒட்டியிருந்தது. 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று அது சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டது.

நூலாயி தும்பைச் செடிக்குப் போனாள். வாலாண்டி சொன்ன இடம்தான். பச்சைப்புழு நிறைய இருந்தது. கையெட்டுகிற தூரம் என்பார்களே, அத்தனை பக்கம். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.

ஒன்றைப் பிடித்தாள். சூரைப்புதருக்குள் நுழைந்தாள். முள் கீறியது. உள்ளே பஞ்சியும் பொட்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. வாலாண்டி பக்கத்தில் இருந்தான். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் முன்னாலேயே சொல்லியிருந்தான். நகர்ந்து இடம் விட்டான்.

பஞ்சி அன்றைக்கு அழவில்லை. பொட்டுதான் கேட்டாள்.

"அம்மா, அண்ணன் எப்போ வருவான்?"

"வரமாட்டான்."

"ஏன்?"

நூலாயி புழுவைத் தரையில் வைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நான் கத்தலே," என்றாள். "கத்தியிருக்கணும். வாயிலே நூல் இருந்தது."

பொட்டு யோசித்தாள். சின்ன மூளைக்கு எட்டியதை யோசித்தாள்.

"அப்போ அண்ணன் பங்கு யாருக்கு?"

வாலாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நூலாயி புழுவை எடுத்தாள்.

"வாயைத் திற," என்றாள்.

பொட்டு திறந்தாள். ஊட்டினாள். திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்து பஞ்சிக்கு ஊட்டினாள். வெளிச்சம் போகிறவரை போய்ப் போய் வந்தாள். தலைக்கு மேலே காய்ந்த இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் அடியில்தான் பறக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிள்ளைக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையைப் பசியோடு உட்காரவைத்துச் செய்கிற வேலை எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், அது பிள்ளைக்காகச் செய்த வேலை ஆகாது.